பிரேதச் சீலையின் பறவைகள்

லண்டன் இல்ஃபோர்ட்டில் கலியாண பிளவுஸ்களுக்கு ஊசிவேலை செய்து கொடுப்பவள் நான். ஊராருக்கெல்லாம் விதவிதமாகத் தைத்துவிட்டுச் சொந்த மகளின் கலியாணத்துக்கு அதே மயிலையும் மாங்காயையும் போடுவதா? புது டிசைன் தேடி அவளையும் இழுத்துக்கொண்டு நகருக்குள் ஒரு மியூசியத்துக்குப் போனேன்.

அங்கே கண்ணாடிக்குள் பெரு நாட்டுச் சீலை ஒன்று. இரண்டாயிரம் வருடப் பழசாம். சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. துணி முழுக்க ஒரே பறவை. ஒன்றின் விரித்த செட்டை மஞ்சள், அடுத்ததற்கு நீலம், அதற்கடுத்ததற்குப் பச்சை. எல்லாம் கைத்தையல். நான் தையலையே பார்த்துக்கொண்டு நிற்க, மகள் பக்கத்து அட்டையை வாசித்தாள்.

"அம்மா, இது செத்த ஆளைச் சுத்திப் புதைச்ச சீலையாம்."

"அதுக்கென்ன? நான் உந்தச் சகுனம் ஒண்டும் பாக்கிறேல்லை" என்றேன். வாய்ச்சவடாலில் என்னை வெல்ல ஆளில்லை.

மகளின் முகம் மலர்ந்துவிட்டது. "செத்த ஒராளுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கினம்! எனக்கு இதுதான் வேணும். ஆரும் கேட்டா நானே கதை சொல்லுவன்."

பிளவுஸின் இரண்டு கைகளிலும் பறவைகளைத் தைத்துக் கொடுத்தேன். கலியாணத்துக்கு முன்பே சிநேகிதிகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்தாள்.

போன மாதம் கலியாணம். தாலி கட்டி முடிந்து படம் எடுக்கும்போது மாப்பிள்ளையின் மாமி ஒருவர் மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கடவுளே, என்ன வடிவு! உது எங்கை பாத்த டிசைன் பிள்ளை?"

மகள் ஆசையோடு வாயைத் திறந்தாள். மாமிக்குப் பின்னால் மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நாளைக்கு அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் பிள்ளையின் பிளவுஸைத்தானே சொல்வார்கள்! என் வீரமெல்லாம் பறந்துவிட்டது. முந்திக்கொண்டேன்.

"அது எங்கட கோயில் தேர்ச்சீலையில இருக்கிற பறவை."

"அப்பிடியே பிள்ளை?" மாமி அவளிடமே கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது இரக்கம்.

"ஓம் மாமி. கோயில் டிசைன்."

மாமி பறவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சீ, நானும் ஒரு தாயா! நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. கலியாண நாளில் என் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எடுத்த படம் ஒன்றிலும் பறவைகள் இல்லை. கூறைச் சேலையின் தலைப்பை இழுத்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு நிற்கிறாள்.