வாளை உருவாத சாமுராய்

வீடியோ கேம் ரிமோட்டில் முக்கோணம் போட்ட பட்டனை அழுத்தும்போதெல்லாம் மாரீஸ்வரன் தன் தலையையும் சேர்த்துக் குனிந்துகொள்வார். "தெரியாம வந்துட்டேன் சாமி, மன்னிச்சு விட்ருங்க" என்று டிவியைப் பார்த்துச் சொல்வார். டிவிக்குள்ளே அவருடைய ஆள், இடுப்பில் இரண்டு வாள் செருகிய முரட்டு சாமுராய், மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் ஊன்றி, நெற்றியைத் தரையில் வைப்பான். வாளை ஓங்கிக்கொண்டு வந்தவன் திகைத்து நிற்பான். பட்டனிலிருந்து விரலை எடுத்தால் நம் ஆள் எழுந்துவிடுவான், எழுந்தால் வெட்டு விழும். அதனால் எதிராளி வாளை உறையில் போட்டுக்கொண்டு போகும்வரை மாரீஸ்வரன் விரலை எடுக்க மாட்டார். அதற்குப் பிறகு ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், அந்த மூச்சில் கேரள எல்லையிலிருக்கும் எங்கள் கம்பம்மெட்டில் கொடியில் காயும் துணியெல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் போய் விழும்.

அழுத்தி அழுத்தி அந்தப் பட்டனில் முக்கோணம் அழிந்துவிட்டது. வலது கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மெஷின் "யார் நீ" என்று கேட்கிறது. இடது கையைத்தான் வைக்கிறார்.

அவருக்கு ஏலக்காய் ஸ்டோர். ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்து ஐம்பது கிராம் கேட்டுப் போய்விடாதீர்கள். தோட்டத்துக்காரர்கள் பறித்த பச்சைக்காயை மூட்டையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர் தட்டுகளில் பரப்பி, சூட்டு அறைக்குள் அடுக்கி, பச்சை நிறம் போகாமல் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பார். சூடு ஏறினால் காய் வெளுத்து வெடித்துவிடும். இறங்கினால் புழுங்கிப்போகும். பிரசவ அறைக்கு வெளியே புருஷன் நிற்பதுபோல அறைக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டிய தொழில். சும்மா கிடந்தால் மனிதனுக்குக் கிறுக்குப் பிடிக்குமா பிடிக்காதா? இவருக்குப் பிடித்த கிறுக்கு ஜப்பான் கிறுக்கு.

அதைக் கொடுத்தது சிஞ்சு, ஜங்ஷனில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மலையாளத்துப் பெண். அவளுடைய அண்ணன் ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த பழைய கேம் பெட்டி, ஒரே ஒரு டிஸ்க். கடையில் தூசி தின்றுகொண்டிருந்தது. "மாரீசண்ணா, இந்த கேம் அறியாத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லா. அறிஞ்சவங்களுக்கு உயிரு. லோகத்துல கொறச்சு பேருதான் விளையாடும். பட்சே அவங்க சாகும்வர விளையாடும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். இவர் அதை மருந்துச் சீட்டுபோல எடுத்துக்கொண்டார்.

விளையாட்டு இதுதான். ஒரு மலைக்கணவாய். அங்கே ஊர்பேர் இல்லாத ஒரு சாமுராய் வந்து சேர்கிறான். கணவாய் யாருக்கு என்று இரண்டு கூட்டம் அடித்துக்கொள்கிறது. நடுவில் ஒரு டீக்கடை, அதில் ஒரு பெண். வழியில் யாரைப் பார்த்தாலும் ஏதோ கேட்பார்கள். கீழே மூன்று பதில் வரும். நாம் எடுக்கும் பதிலை வைத்துக் கதை மாறும், முடிவும் மாறும். இதில் சின்னச் சிக்கல், கேள்வி பதில் எல்லாமே ஜப்பான் எழுத்து. மாரீஸ்வரனுக்குத் தமிழே தினத்தந்தி தலைப்பு அளவுக்குத்தான். மலையாளம் பஸ் போர்டு அளவுக்கு.

"கொழப்பம்லாம் ஒண்ணும் இல்ல டிரைவர்" என்பார் என்னிடம். நான் அந்தப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன், மூட்டை இறக்கப் போனால் ஒரு ஆட்டம் பார்க்காமல் விடமாட்டார். "அங்கிட்டும் ஆளு, இங்கிட்டும் ஆளு, நடுவுல டீக்கட. நம்ம மெட்டு மாதிரியே இல்ல? அந்தச் செவப்புத்துணி பூராம் கம்பத்தாளுக. இந்த நீலத்துணி கட்டப்பனைக்காரங்க."

"எதுக்குண்ணே சண்டை?"

"செக்போஸ்ட் தகராறுதான். வேறென்ன?"

மறுவாரம் கேட்டால் தண்ணீர்த் தகராறு என்பார். அதற்கடுத்த வாரம் பெண் எடுத்த தகராறு. காய் காயும்வரை காத்திருக்கும் விவசாயி ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு கதை சொல்லி அனுப்பியிருக்கிறார். இதனால் உடும்பஞ்சோலையில் ஒரு கதையும் ஆனைக்கரையில் ஒரு கதையும் ஓடுகிறது. இரண்டு ஊர்க்காரர்கள் ஸ்டோரில் சந்தித்துவிட்டால் ஜப்பானில் இல்லாத சண்டை வாசலில் நடக்கும்.

ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும்போல வாளைத்தான் உருவினார். கடைசியில் எப்படியும் அந்த டீக்கடைப் பெண் செத்துப்போவாள். செவப்பின் பக்கம் சேர்ந்தாலும் செத்தாள், நீலத்தின் பக்கம் சேர்ந்தாலும் செத்தாள். அன்றைக்கெல்லாம் வீட்டில் சோறு இறங்காது. "ஒரு டீ குடுத்த பாவத்துக்கா?" என்று கேட்பார். ஒரு நாள் கட்டன்சாயா டம்ளரை எடுக்கும்போது முழங்கை முக்கோணத்தில் பட்டது. சாமுராய் தடாலென்று மண்டியிட்டான், எதிரி போய்விட்டான். அன்றோடு சரி. வாள் இரண்டும் துருப்பிடித்திருக்கும்.

ஏலக்காய் வாங்க வரும் பாவா பாய்க்கு இது பொறுக்காது. "ஏம்ப்பா, ரெண்டு வாளு வச்சிருக்கான். ஒண்ணக்கூட எடுக்க மாட்டேங்குறான். பின்ன எதுக்கு அத மலையெல்லாம் தூக்கிச் செமக்குறான்?"

"நீங்க சட்டப்பையில பேனா வச்சிருக்கீங்களே பாய், என்னைக்காச்சும் எழுதிப் பாத்திருக்கமா?"

பாவா பாய் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்படிக் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மோகனசுந்தரத்தின் காய் வந்தது. மோகனசுந்தரம் மாரீஸ்வரனின் மனைவி யோகப்பிரியாவுக்கு ஒரே தம்பி. உடும்பஞ்சோலையில் தோட்டம். மழையில் பாதி அழுகி, மீதியைக் குழந்தைபோலக் காப்பாற்றி, ஒரு ஜீப் நிறைய அனுப்பியிருந்தான். ஏற்றி வந்ததே நான்தான்.

அன்று மத்தியானம் மாரீஸ்வரன் அதுவரை போகாத இடத்துக்குப் போய்விட்டார். டிவியில் செவப்பும் நீலமும் நேருக்கு நேர். நடுவில் டீக்கடைப் பெண், உயிரோடு! செவப்பைக் கும்பிட்டால் நீலம் வாளை உருவுகிறது. நீலத்தைக் கும்பிட்டால் செவப்பு உருவுகிறது. இவர் அங்கே ஒரு கும்பிடு, இங்கே ஒரு கும்பிடு என்று வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். கமகமவென்று ஒரு வாசனை வந்தது. "யாரு வீட்லயோ பாயசம் வைக்கிறாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். பாயசம் வேகிறது, வேகிறது, வேகிறது. கம்பம் வரைக்கும் மணத்திருக்கும். கதவைத் திறந்து பார்த்தபோது தட்டு தட்டாகக் காய் வெளுத்து, வாயைப் பிளந்து கிடந்தது. ஓடிவந்து டிவியைப் பார்த்தால் அங்கே அந்தப் பெண்ணும் கிடந்தாள்.

மறுநாள் மோகனசுந்தரம் வந்து ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்ன மாமா இது? மஞ்சக்காமால வந்த மாதிரி கெடக்கு?"

"கொஞ்சம் கவனம் பெசகிப் போச்சு மாப்ளே. நட்டத்த நான் குடுத்துர்றேன்."

"காசக் கேக்கல. என்ன சோலியா இருந்தீங்க?"

மாரீஸ்வரனுக்குப் பொய் வராது. அவருடைய பெரிய கஷ்டமே அதுதான். "ஒரு சண்டைய வெலக்கிக்கிட்டு இருந்தேன்."

"எங்க சண்ட?"

"ஜப்பான்ல."

மோகனசுந்தரம் என்னைப் பார்த்தான். நான் ஜீப் டயரைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த காயைத் தட்டில் எறிந்தான். "காதுகுத்துக்கு நான் வரமாட்டேன். என் மடி கெடையாது. ஜப்பான்லருந்து தாய்மாமன் வருவான், அவன் மடியில ஒக்கார வச்சுக் குத்துங்க!"

இதுதான் இடி. மாரீஸ்வரனின் மூன்று வயது மகள் நர்மதாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பத்திரிகை கொடுத்து, கிடா பிடித்துக் கட்டியாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தினால் அது ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்குச் சமம். யோகப்பிரியாவுக்கு இருப்பது ஒரே தம்பி. மாமன் வரவில்லை என்றால், அந்தப் பிள்ளை பேரன் எடுத்த பிறகும் ஊர் "மாமன் வராத காது" என்று கம்மலைக் காட்டிப் பேசும்.

மாரீஸ்வரன் போன் போட்டார். எடுக்கவில்லை. திரும்பப் போட்டார், அணைத்துவிட்டான். என்னிடம் வந்து உட்கார்ந்தார். "அதுலயாச்சும் கீழ மூணு பதில் வரும் டிரைவர். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தொடலாம். இதுல ஒண்ணுமே வரமாட்டேங்குதே."

யோகப்பிரியா திட்டவில்லை. திட்டியிருந்தால் மனிதன் பிழைத்திருப்பார். அவள் டிவி வயரைப் பிடுங்கிச் சுருட்டி மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"உங்காளு ஊர்பேர் தெரியாதவன் முன்னாடியெல்லாம் விழுகுறான். நீங்க எந்தம்பி முன்னாடி வந்து நிக்கக்கூட மாட்டீங்களா?"

"நான் மூத்தவன்டி. மூத்தவன் விழுந்தா சின்னவனுக்கு ஆயுசு கொறையும். ஒனக்குத் தெரியாதா?"

"ஒங்கள யாரு விழச் சொன்னா? வந்து நில்லுங்க. பேசுறத நான் பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை, ஜீப்பில் மூன்று பேரையும் உடும்பஞ்சோலைக்கு ஏற்றிப் போனேன். வழியெல்லாம் மாரீஸ்வரன் "நிக்கணும், நிக்க மட்டும் செய்யணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நர்மதா என் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தாள்.

மோகனசுந்தரம் சரிவில் ஆட்களோடு நின்று, காய்ந்த ஏலத் தட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தான். முழ நீளக் கத்தி. எங்களைப் பார்த்ததும் கோபத்தில் அதைக் கீழே வைக்க மறந்துவிட்டான். மடித்துக் கட்டிய கைலியோடு, கையில் கத்தி ஆட, மேட்டிலிருந்து விறுவிறுவென்று இறங்கி நேராக மாரீஸ்வரனை நோக்கி வந்தான். "இப்ப எதுக்கு இங்க..."

கத்தியோடு ஒருத்தன் எதிரே வந்தால் என்ன செய்வது என்று மாரீஸ்வரன் எத்தனை காலமாகப் பழகியிருக்கிறார்! மண்டி போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினார். நெற்றி மண்ணில்.

"தெரியாம வந்துட்டேன் சாமி, மன்னிச்சு விட்ருங்க."

"அய்யய்யோ!" என்று வேலையாட்கள் அலறினார்கள். மோகனசுந்தரம் பாம்பைப் பார்த்ததுபோலப் பின்னால் குதித்தான். "மாமா! என்ன வேல இது! எந்திரிங்க! பெரியவுக விழுந்தா எனக்கு ஆயுசு போயிரும்! எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல மாமா!"

மாரீஸ்வரன் எழவில்லை. மேலே நின்ற வேலையாள் மருதாத்தாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசனை சொன்னாள். "நீயும் திருப்பி விழுந்துருய்யா, சரிக்குச் சரியாப் போயிரும்!"

மோகனசுந்தரம் பாதி குனிந்தான். குனிந்த பிறகுதான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்தது. நிமிர்ந்தான். ஆயுள் ஞாபகம் வந்தது. திரும்பக் குனிந்தான். மடக்குக் கத்தியைத் திறந்து மூடுவதுபோல இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. "என்னைய கொல்லணும்னே வந்தீங்களா? என்னக்கா இது?"

யோகப்பிரியா அசையவில்லை. "டேய், இது நம்ம கும்புடு இல்லடா. இது அந்த டிவிக்காரன் கும்புடு. கணக்குல வராது."

"அதெப்டி வராமப் போகும்?"

"நம்ம கும்புடுன்னா காலத் தொடணும். இவரு ஒன் காலத் தொட்டாரா? தரையத்தான தொட்டாரு?"

மோகனசுந்தரம் தன் காலைப் பார்த்தான். மாமாவின் தலையைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே இருந்த மண்ணைப் பார்த்தான்.

"இவர் எல்லாத்துக்கும் இப்டித்தான் விழுவாரா?"

"அந்த டீக்கடக்காரிக்காக ஊரு பூரா விழுந்தாரு. இப்ப நம்ம பிள்ளைக்காக."

"யாருக்கா டீக்கடக்காரி?"

"அது பெரிய கத. ஒனக்கும் புரியாது, எனக்கும் புரியாது, அவருக்கும் புரியாது."

மோகனசுந்தரம் ஜீப்பில் ஹாரனை அடித்துக்கொண்டிருந்த நர்மதாவைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். கத்தியை இடுப்புக்குப் பின்னால் செருகினான். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துக் கீழே விட்டான். அங்கே கிடந்த காலிச் சாக்கின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒட்டியிருந்த ஏலச் சருகுகளைத் தட்டிவிட்டான்.

"குட்டி, இங்கிட்டு வா. ஞாயித்துக்கெழம மாமன் மடியில அழுகாம ஒக்காருவியான்னு பாப்போம்."

மாரீஸ்வரனுக்கு இது எதுவும் தெரியாது. நெற்றி இன்னும் மண்ணில்தான் இருந்தது. வலது கட்டைவிரல் மட்டும் ஈர மண்ணை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.