நான் அழித்த ஒரு வரி

கடலோரத்து லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், வலை மூட்டைகளை ஒதுக்கிவிட்டு என் மேஜையைப் போட்டிருக்கிறேன். சென்னையில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் போகும் பள்ளிக்கூட வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்வதற்கான தளம் எங்களுடையது. திரையில் தெரியும் பகுதிக்கு இரண்டே பேர் பொறுப்பு. நான், அப்புறம் சென்னையில் இருக்கும் ஓர் அக்கா. முதலில் அதை எழுதியவர் அவர்தான். இரண்டு வருடமாகத் தினமும் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை.

அந்தத் தளத்தில் ஒரு தொல்லை இருந்தது. வேன் கிளம்பிவிட்டதா, பிள்ளை ஏறிவிட்டதா, இன்றைக்கு லீவா என்று திரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஃபைல்களில் எழுத வேண்டும். ஒன்றில் அதற்கு ஒரு பெயர். இன்னொன்றில் அந்தப் பெயரோடு போகும் செய்தி. செய்தி வந்தால் எதை மாற்றுவது என்பது மூன்றாவதில். மாறியதை எடுத்துக் கொடுக்க ஒன்று, திரையோடு இணைக்க ஒன்று. பெயர் மட்டும்தான் மாறும், மற்றதெல்லாம் அதே வரிகள். பழையதைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றுவோம். எங்காவது ஓர் இடத்தில் மாற்ற மறந்தால் அதைத் தேடுவதிலேயே அரை நாள் போய்விடும்.

ஒருமுறை ‘வேன் தாமதம்’ என்று ஒரு மஞ்சள் பட்டை வைக்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றரை நாள் ஆனது. கருவாடு காயவைத்துவிட்டு உள்ளே வந்த அம்மா, “இன்னாடி, நேத்துலேர்ந்து அதையே தட்டிகினு கீற?” என்றாள்.

“ஒண்ணையே அஞ்சு எடத்துல எழுதணும்மா.”

“சரி, துன்னுட்டு எழுது” என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மதியமே அக்காவைக் கூப்பிட்டேன். “அக்கா, இதையெல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள்ள கொண்டாந்துடலாம். பேர் இன்னா, எப்படி மாறணும், இது ரெண்டையும் குடுத்தா போதும். மிச்சத்த அதுவே உண்டாக்கிக்கும்.”

“ஓடிட்டிருக்கிறத எதுக்கும்மா நோண்டணும்?” என்றார் அவர். “இப்ப எது எங்க இருக்குன்னு பளிச்சுன்னு தெரியுது. நீ சொல்றதுல எல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தான் எழுதியதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. மேலாளரிடம் கேட்டேன், அவர் சரி என்றுவிட்டார். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாக மாற்றினேன். நூறு வரி இருந்த இடத்தில் பத்து வரி நின்றது. அழிக்க அழிக்க உற்சாகமாக இருந்தது. சரிபார்க்க அக்காவுக்கு அனுப்பினேன். ‘ஓகே’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. வழக்கமாகப் பத்துக் கேள்வியாவது கேட்பவர்.

புது வடிவம் தளத்தில் ஏறிய மூன்றாம் நாள் காலை ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஓர் அம்மா கோபமாக இருக்கிறார், நீயே பேசிவிடு என்றார்கள். அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குக் காய்ச்சல் என்று அவளுக்கு மட்டும் எங்கள் தளத்தில் லீவு போட்டிருக்கிறார். சின்னவள் பையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்க, வேன் வரவே இல்லை. டிரைவரின் பட்டியலில் இரண்டு பேருமே லீவு என்று இருந்திருக்கிறது.

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. லீவுக்கான பழைய ஃபைலில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஒரே வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதைத் தொடாமல் விடச் சொல்லும் வரி. மற்ற எதிலும் இல்லையே, பழைய மிச்சம்போல என்று அழித்தது நான்தான்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

“நான் பெரியவளுக்கு மட்டும்தான் மேடம் போட்டேன்.”

“ஆமாங்க, நீங்க சரியாத்தான் போட்டீங்க. தப்பு என்னோடது. நான் எழுதினதுலதான் கோளாறு.”

நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் படகு அப்போதுதான் கரையேறியிருந்தது. வெளியே ஒரே கூச்சல்.

“பின்னாடி என்ன சத்தம்? எங்கேயிருந்து பேசறீங்க?”

“கடற்கரைங்க. இங்கதான் வீடு.”

“ஓ” என்றவரின் குரல் சற்றுத் தணிந்தது. “ஆட்டோ வெச்சுக் கொண்டுபோய் விட்டுட்டேன். நாளைக்கு வேன் வருமில்ல?”

“கண்டிப்பா வருங்க.”

அந்த வரியைத் திரும்பப் போட்டு அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“முன்னாடி இதே மாதிரி ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துதான் நான் அதைப் போட்டேன்” என்றார். “எதுக்குன்னு மேல ஒரு குறிப்பு எழுதியிருக்கணும். எழுதல. நீ அனுப்பினதையும் படிக்கலம்மா. கோவத்துல ஓகேன்னு போட்டுட்டேன்.”

“நானும் உங்கள ஒரு வார்த்த கேக்காம அழிச்சிட்டேங்கா.”

அன்று முழுக்கப் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மற்றவற்றிலிருந்து கொஞ்சம் மாறியிருந்தவை இன்னும் மூன்று கிடைத்தன. இரண்டு வெறும் கைப்பிழை, ஒன்றுக்கு மட்டும் காரணம் இருந்தது. அதையும் லீவையும் பொது ஃபங்ஷனிலிருந்து வெளியே எடுத்து, பழையபடி நீளமாகவே எழுதி, ஏன் என்று மேலே குறிப்பு வைத்தோம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவரின் லீவு மற்றவரைத் தொடுகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் ஒரு சோதனையும் சேர்த்தோம். மற்றதெல்லாம் பத்துப் பத்து வரியாகவே இருக்கட்டும் என்று அக்காவே சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்பக் குள்ளம். அவரும் என்னைப் பார்த்து, “இவ்ளோ உயரமா நீ?” என்று சிரித்தார். அம்மா மடவை மீன் வறுத்து, இறால் தொக்கு வைத்திருந்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கரையில் நடந்தோம். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“டிரைவருங்க பார்க்கிற பக்கமும் இன்னும் பழையபடி அஞ்சஞ்சு ஃபைலாத்தான் கிடக்குது. அதையும் சுருக்கணும். நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடறேன், ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துடலாம்.”

“சரிங்கா” என்றேன்.