மலைக் குகையில் கடற்சிப்பி

ஆதிமனிதனை வாழவைத்தது வேட்டையா, உணவு சேகரிப்பா என்ற பொருளில் பட்டிமன்றம் நடத்த எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பினர் முடிவுசெய்தபோது, வேட்டை அணிக்கு நானே தலைமை ஏற்றேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துப் பள்ளி மேடைகளில் தோல்வி அறியாதிருந்த நான், இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தபின் ஒருமுறைகூட மேடை ஏறியிருக்கவில்லை. சிஞ்ஞோரா எனப்படும் இத்தாலிய வீட்டு எசமானியிடம் வேலை செய்பவரின் மகள் என்பதற்கு மேல் என்னைப் பற்றி இங்கே எவருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஒரு மேடையில் வென்று, நான் யார் என்பதை நிறுவிவிட வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தேன்.

எதிரணித் தலைவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அண்ணா. வியா மக்வேதா தெருவில் ஓர் உணவகத்தில் வேலை. ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பு. பட்டிமன்றத்துக்கு முந்தைய ஞாயிறு, அவரும் அம்மாவும் நானும் பெல்லெகிரினோ மலைமேல் உள்ள, நகரின் காவல் புனிதையின் குகைக் கோயிலுக்குச் சென்றோம். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலுடனும் வெறும் வயிற்றுடனும் ஏறுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அதில் சைவர், கத்தோலிக்கர் என்ற பேதம் கிடையாது.

இறங்கும்போது அம்மா பாதையை விட்டு விலகினார். பெருஞ்சீரகத்தை ஊரில் நாங்கள் விதையாக மட்டுமே அறிவோம். அதன் செடியை எவரும் கண்டதில்லை. அம்மாவோ காற்றில் கறித்தூள் வாசம் வருகிறதென்று மோப்பம் பிடித்துக்கொண்டே போய், மெல்லிய இலைகள் அடர்ந்த ஒரு பற்றைமுன் நின்றார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். நுனியைக் கடித்துச் சற்றுப் பொறுத்தார். பிறகுதான் பறிக்கத் தொடங்கினார். இதை முதன்முதலில் தின்ற பெயர் தெரியாத மனிதரும் இப்படித்தான் பொறுத்திருந்தாரா என்ற கேள்வி அப்போது என்னைப் பற்றிக்கொண்டது.

மழை இறங்கியது. பாதைக்குக் கீழே தெரிந்த ஒரு பாறைக் குகைக்குள் ஓடினோம். அம்மா வாசலிலும் நிற்கவில்லை. நீர் சொட்டிய ஆழத்துக்கும் போகவில்லை. பாறையைத் தொட்டு, தரைப் புழுதி எங்கே காய்ந்திருக்கிறதென்று பார்த்து, காற்றுப் படாத ஒரு மூலையில் அமர்ந்தார். நாங்களும் அங்கேயே ஒதுங்கினோம். மூவரும் வெளியே பார்த்தபடிதான் இருந்தோம். அப்படி அமர எவரும் சொல்லித் தரவில்லை.

"என்ன தங்கச்சி, ஈட்டி கொண்டு வரேல்லையோ? வயிறு புகையுது," என்றார் அண்ணா.

"அது வாற ஞாயிறு மேடைக்கு வரும்," என்றேன்.

அப்போதுதான் என் காலடியில், கல்லாக இறுகிய மண்ணில், கரி படிந்த ஓர் எலும்புத் துண்டு தெரிந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வேட்டைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அண்ணா குனிந்து பார்த்தார். எலும்பைச் சுற்றிலும் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பிகளின் ஓடுகள் கொத்துக்கொத்தாகப் புதைந்திருந்தன.

"எலும்பு ஒண்டு. சிப்பி எண்ண ஏலாது," என்றார் அவர்.

அம்மா எங்கள் இருவருக்கும் பெருஞ்சீரகத் தண்டு முறித்துத் தந்தார். மீதியைப் பையில் போட்டு முடிந்தார். உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"கொப்பர் வேலையால வருவாரெல்லே," என்றார், அப்பாவைச் சுட்டி.

மண்ணில் கிடந்த எதையும் எடுக்காமல் இறங்கினோம்.

பட்டிமன்றத்தில் அண்ணா ஒற்றை எலும்பையும் எண்ணற்ற சிப்பிகளையும் விவரித்தபோது மண்டபம் சிரித்து மகிழ்ந்தது. என் முறை வந்தது. ஈட்டி, நெருப்பு, கலைமான் என்று படிப்படியாக நான் கட்டியிருந்த உரையைக் கைவிட்டேன். "அவையோரே, சிப்பியைக் கடற்பாறையிலேயே உடைத்துத் தின்றுவிடலாம். பசித்தவன் அதை ஏன் மலைமேல் சுமந்தான்? தின்றவன் தன் பசி தீர்த்தான்; சுமந்தவனே மனிதக் கூட்டத்தைக் காத்தான்!" என்றேன்.

என் வாதம் அழகானது, ஆனால் எந்த அணிக்கும் உரியதன்று என்று நடுவர் தீர்ப்பளித்தார். வெற்றி சேகரிப்புக்குப் போனது. அந்தத் தீர்ப்பை நான் இன்றும் ஏற்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணா வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மேலே குகையில் அந்தச் சிப்பிக்காகக் காத்திருந்தவர் யாராக இருக்கும் என்றுதான் கேட்டார். பிள்ளை பெற்றவளாக இருக்கலாம் என்றேன் நான். கால் முறிந்தவராக இருக்கலாம் என்றார் அவர். அலைக்குப் பயந்துதான் மேலே கொண்டுபோயிருப்பார்கள் என்பது அம்மாவின் கட்சி.

அடுத்த ஞாயிறு, கடற்கரையிலிருந்து அந்தக் குகைவரை மூவரும் நடந்து பார்த்தோம். அண்ணாவின் தோளில் மீன்சந்தையில் வாங்கிய ஒரு பை சிப்பி. பாதி ஏற்றத்தில் பையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, இவ்வளவு தூரம் தூக்கினவன் தனக்கெண்டு தூக்கேல்லை."

அதைக் கேட்க நடுவர் அங்கே இல்லையே என்பதுதான் எனக்குக் குறை.