உளுந்துச் சாலையில் ஒற்றைச் சக்கரம்

முன் சக்கரத்தைத் தூக்கி வண்டி ஓட்டுவதற்குக் கைபேசியில் நாலு வீடியோ பார்த்தால் போதும் என்று நம்பியவன் நான். இந்த ஒரு வாக்கியத்திலேயே என் மூளையின் அளவு உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

வயது முப்பதைத் தாண்டிய பிறகு, யாரோ ஓட்டித் தள்ளிய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கினேன். அதில் உட்கார்ந்தால் முதுகு வளைந்து, தொப்பை பெட்ரோல் டேங்க் மேல் சுகமாகப் படுத்துக்கொள்ளும். ஆலங்குடி டீக்கடையில் கூட்டாளிகளிடம், "வீலிங் பழகுறேன்டா" என்றேன்.

ஒருத்தன் கிளாஸைக் கீழே வைத்தான். "மாப்ள, முன்னாடி ஒன் வயிறு உக்காந்திருக்கு. அதையும் சேத்துச் சக்கரம் எங்கிட்டுத் தூக்கும்?"

"வீடியோ காட்டுனா நம்ப மாட்டோம்" என்றான் இன்னொருத்தன். "எடிட்டிங் பண்ணிருவ. கண்ணால பாத்த ஆளக் கூட்டிட்டு வா."

அன்றிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சாட்சி.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஆளரவமற்ற தார்ச்சாலை ஒன்று உண்டு. காலையில் அங்கே போய், ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் கிளட்சைப் படக்கென்று விடுவேன். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். வேலியோரம் மேய்ந்த ஆடுகள் முதல் நாள் மிரண்டன. அப்புறம் தலையைத் தூக்கிப் பார்ப்பதைக்கூட நிறுத்திக்கொண்டன.

ஒருநாள் அந்தச் சாலையில் ஓர் அக்கா காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பிவைத்திருந்தார். போகிற வருகிற சக்கரங்கள் ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்தால், கம்பால் அடிக்கிற வேலை மிச்சம்.

"தம்பி, செடி மேலயே ஓட்டுங்க. ஒரு பஸ்ஸையும் காணோம், மழ வேற கூடுது."

சாட்சிக்குச் சாட்சியும் ஆச்சு, விழுந்தால் மெத்தையும் ஆச்சு. தூரத்திலிருந்து விரட்டி வந்து, செடிக்கு முன்னால் வெறும் தாரில் கிளட்சை விட்டேன். சக்கரம் மேலே போனது! சாலை மறைந்து வானம் தெரிந்தது. அப்படியே செடிப் பரப்பின் கடைசிவரை மிதந்து போனேன். பிறகு வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உருண்டோம்.

ஹெல்மெட்டுக்குள் புகுந்த சருகைத் துப்பிக்கொண்டே அவரிடம் ஓடினேன்.

"அக்கா, முன் சக்கரம் தூக்குனதப் பாத்தீங்கள்ல? டீக்கடையில வந்து சொல்லுவீங்களா?"

அவர் குனிந்து செடியை விலக்கிப் பார்த்தார். பாதி நெற்று உடையாமல் கிடந்தது.

"மொதல்ல அந்தச் சக்கரத்தையும் கீழ வச்சு ஓட்டுங்க."