ஏழாவது நெரை, மூணாவது மரம்

நவமணியின் கருமக்கிரியை முடிந்த மறுநாள் அவள் மகள் சரளா என் வீட்டுக்கு வந்தாள். முப்பதாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாளாம். அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்றாள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையால் மூன்று மணல் லாரி வாங்கினவன். கோப்பெங்கில் அப்பாவு என்று சொன்னால் கடைக்காரச் சீனன்கூட நாற்காலி எடுத்துப் போடுவான். படித்தவன் பத்துப் பக்கம் சுற்றி எழுதுவதை நான் நேராகச் சொல்லிவிடுவேன்.

நவமணியும் நானும் ஒரே தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் அவள் வீடு நாலாவது, எங்கள் வீடு ஆறாவது. அவள் ஒரு நாளைக்கு நானூற்றி இருபது மரத்தில் பால் வெட்டுவாள். ஆணுக்குச் சமமாக வாளி சுமப்பாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பலர் அழுதுகொண்டு நின்றார்கள். அவள் மறுவாரமே புந்தோங்கில் ஒரு முறுக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் பஸ்ஸில் போய் கடைசி பஸ்ஸில் வருவாள். இருபத்திரண்டு வருடம் அந்த எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுதான் சரளாவை ஆளாக்கினாள். கணவன் வைரவன் எப்போதோ செத்துப்போய்விட்டான். இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்றைத்தான் நான் எழுத வேண்டும்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எங்கள் தாமான், புதுக் குடியிருப்பு. நூற்றி எண்பது வீடு. எல்லா வீட்டிலும் ஏர்கோன். சாயங்காலம் ஆனால் விளக்கு மங்கும், விசிறி நொண்டும். குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். மூன்று கடிதம் எழுத வைத்து, ஈப்போவுக்கு நாலு தடவை போய் உட்கார்ந்து, ஒரு புதிய துணை மின்நிலையம் கேட்டு வாங்கினேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது.

இடம் பார்க்க ஹைகல் என்ற பொறியாளர் வந்தார். தைப்பிங் பையன், நம் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. வரைபடத்தைக் காரின் மேல் விரித்தார். அரசாங்க நிலமாகவும் இருக்க வேண்டும், பெரிய லாரி வந்து திரும்பவும் வேண்டும். இரண்டே இடம்தான் தேறியது. ஒன்று, சாலை ஓரத்து மேட்டில் இருந்த காலி மூலை. இன்னொன்று, பந்து விளையாடும் திடலின் கடைசி ஓரம், பெரிய வாய்க்கால் பக்கம். ஹைகல் இரண்டிலும் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்தார். திடல் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் குதித்தார்கள். பிள்ளைகளுக்கு ஆகாதாம், காதில் ரீங்காரம் வருமாம். நான் மேசையைத் தட்டினேன். காலி மூலைதான் என்றேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் காலை நவமணி என் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"அண்ணே, மூலையில கரண்டு வூடு கட்டப் போறீங்களாமே?"

"ஆமா. வூட்டுக்கு வூடு ஏர்கோன் மாட்டிட்டு, கரண்டு இல்லன்னா என்னத்தானே திட்டுறீங்க."

"எங்கூட்டுல ஏர்கோன் இல்ல. காத்தாடிதான்."

"சரி லா, இப்ப ஒனக்கு என்னா?"

"அங்க எம் புள்ள இருக்கான்."

நான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

எழுபத்திரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் அவளுடைய முதல் பிள்ளை, ஆண் குழந்தை, பிறந்து பதினோரு நாளில் இறந்தது. பச்சைக் குழந்தையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். அடையாளம் வைப்பதில்லை. தாய் கூட வரக்கூடாது. புதைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. இடம் தெரிந்தால் தாய் அங்கேயே போய் விழுந்து கிடப்பாள் என்று அப்படி ஒரு வழக்கம். வைரவன் துணியில் சுற்றித் தூக்கி வந்தான். குழி வெட்டியது நான். தோட்டத்தில் என்னைப் போல் ஓரம் நறுக்கினாற்போல் குழி வெட்ட ஆள் கிடையாது.

அவளோடு அந்த மூலைக்குப் போனேன். ஒரு செம்பருத்திச் செடி நின்றது. கீழே மண் கறுத்திருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் டின் பாலைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவாளாம்.

"இதுதான் எடமுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது நாள் அவருகிட்ட அழுதேன். ஒரே ஒரு தடவ சொன்னாரு. ஏழாவது நெரை, மூணாவது மரம். அப்புறம் சாவுற வரைக்கும் வாயே தொறக்கல. நான் பாக்கறப்ப மழ எல்லாத்தையும் மூடிருச்சு. ஆனா எனக்குக் கணக்குத் தப்புமாண்ணே?"

நெரை என்றால் மரங்கள் நிற்கும் வரிசை. அவள் சாலை ஓரத்தில் போய் நின்று நடக்கத் தொடங்கினாள். எழுபத்து மூன்று வயது. தார்ச் சாலையும் புல்லும்தான் இருந்தன. மரம் வெட்டிச் சாய்த்து முப்பது வருடம். அவளோ சரியான தூரத்தில் நின்றாள், இடது பக்கம் குனிந்தாள், மரத்தில் கத்தி போட்ட கோட்டில் காய்ந்த பாலை உருவுவதுபோல் வெறும் காற்றில் விரலை இழுத்தாள், அடுத்ததற்கு நகர்ந்தாள். என் தோளும் அவளோடு குனிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்த காலைப் பொழுதில் என் கழுத்தில் மரநிழல் விழுந்ததுபோல் குளிர்ந்தது. ஏழாவது நெரையில் திரும்பி, மூன்றாவது மரத்தில் நின்றாள். காலடியில் செம்பருத்தி.

கணக்கு தப்பவில்லை. இடம்தான் தப்பு.

பால் வெட்டுகிறவன் நெரையை எப்போதும் தான் வேலை தொடங்கும் முனையிலிருந்துதான் எண்ணுவான். அடுத்தவன் முனையிலிருந்து எண்ணுவது எங்களுக்குத் தெரியாது. நவமணி சாலை ஓரத்திலிருந்து வெட்டுகிறவள். அதே காட்டில் வைரவன் வாய்க்கால் ஓரத்திலிருந்து வெட்டுகிறவன். அவன் சொன்ன ஏழு, வாய்க்காலிலிருந்து ஏழு. நாங்கள் புதைத்தபோது குழிக்குள் தண்ணீர் ஊறியது எனக்கு நினைவிருக்கிறது. இந்த மேட்டில் எங்கே ஊறும்?

ஐம்பத்தோரு வருடமாக அவள் வெறும் மண்ணுக்குப் பால் ஊற்றியிருக்கிறாள். வெறும் மண் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் காட்டில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அடையாளம் இல்லாமல் கிடக்கின்றனவோ.

நான் முகத்துக்கு நேரே பேசுகிறவன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ரெண்டு நாள் பொறு" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன்.

அவள் போனபின் வாய்க்கால் ஓரம் போனேன். நானும் வெட்டுகிறவன்தானே, என் காலுக்கும் கணக்குத் தெரியும். ஏழு நெரை, மூன்று மரம். கால் நின்ற இடத்தில் நான்கு பக்கமும் ஹைகல் அடித்த முளைகள்.

ஹைகலுக்குப் போன் அடித்தேன்.

"தம்பி, திடல் ஓரத்துல கட்டுறதா இருந்தா பத்தடி தள்ளிக் கட்ட முடியுமா?"

"முடியாது அங்கிள். ஒரு பக்கம் தண்ணிப் பைப்பு, ஒரு பக்கம் சாக்கடப் பைப்பு. ஏன், மூலைன்னுதானே சொன்னீங்க?"

"வேற எடமே கெடையாதா?"

"இந்த ரெண்டும் வேணாம்னா ஃபைலை மூடிருவாங்க அங்கிள். மறுபடி கெடைக்க அஞ்சு வருசம் ஆகும் லா."

இரண்டு நாள் மூலைக்கும் வாய்க்காலுக்கும் நடந்தேன். மூலையில் கட்டினால் அவள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அவள் செத்துவிடுவாள். திடலில் கட்டினால் பிள்ளையைத் தோண்டுவோம், அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் ஐம்பத்தோரு வருடப் பாலையும் நானே கொட்டிவிட்டது மாதிரி. மூன்றாம் நாள் மறுபடி கூட்டம் கூட்டினேன். திடல்தான் என்றேன். மாற்றிப் பேசுகிறான் கிழவன் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அப்பாவு மேசையைத் தட்டினால் தட்டினதுதான்.

தோண்டும் நாளில் நான் விடியும் முன்பே போய் நின்றேன். எக்ஸ்கவேட்டர் மண்ணை அள்ளி ஓரத்தில் குவித்தது. கறுப்பு மண், ஈர மண். கண் இமைக்காமல் பார்த்தேன். எலும்பு இல்லை, துணி இல்லை. பதினோரு நாள் பிள்ளையில் என்ன மிஞ்சும்?

பின்னால் நவமணியின் குரல் கேட்டது. தூக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்திருந்தாள்.

"எல்லாருக்கும் குடுங்கண்ணே. எம் புள்ள தப்பிச்சான். ஒங்களாலதான்."

குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "அம்மாடி, எம்மாம் ஆழம்!" என்றாள். எக்ஸ்கவேட்டர் ஓட்டியவனுக்குத் தன் கையாலேயே இலையில் வைத்துக் கொடுத்தாள். எனக்கும் வைத்தாள். தின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே, எப்படித் தின்னாமல் இருப்பது.

ஊர்ச்சாமியை இங்கே கொண்டுவந்த நம் பெரியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிடிமண்தான் எடுத்துவந்தார்கள். அந்த மண்ணை வைத்த இடத்தில் சாமி வந்து உட்கார்ந்தது. அது என் நினைவுக்கு வந்தது. ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் கட்டினேன். எந்தப் பிடியில் அவன் இருந்தானோ, இல்லையோ. கொண்டுபோய்ச் செம்பருத்தியின் அடியில் வைத்து மூடினேன். இப்போது அவள் ஊற்றுவது சேர வேண்டியவனுக்குச் சேரும், வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் காலை நவமணி மறுபடி என் கேட்டில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, இத்தன வருசத்துல மொத தடவையா கனவுல வந்தான். மூஞ்சி தெரியல. மடியில போட்டுக்கிட்டேன், எஞ் சேல பூரா நனஞ்சுபோச்சு. சொட்டச் சொட்ட ஈரம்."

கேட்டைத் திறந்து அவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அது மேடுதானே? மழகூட நிக்காதே. எம் புள்ள எப்படிண்ணே நனஞ்சான்?"

அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் எத்தனையோ தடவை கேட்டாள். கடைசியாக ஈப்போ ஆஸ்பத்திரியில், சரளா தண்ணீர் வாங்கப் போனபோதும் கேட்டாள். எல்லாத் தடவையும் "தெரியல நவமணி" என்றுதான் சொன்னேன். சரளா, உன் அம்மாவிடம் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். புத்தகத்தில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம். வெள்ளிக்கிழமை பால் ஊற்ற எங்கே போவது என்று மட்டும் என்னைக் கேட்காதே.