உப்பாத கேக்குக்கு நியாயம் கேட்டது

என் வீட்டுக்காரி கையில் மாவு கெட்டதே கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்டின் டவுனில் எங்கள் லைன் வீடுகளில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கிற அன்று முதல் அதிரசத்தைத் தட்டிப் போடுகிறவள் அவள்தான். கைராசி உள்ளவள் முதலில் போட்டால் மிச்சமெல்லாம் சரியாக வரும், கல்யாணமும் குறையில்லாமல் முடியும் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதற்கு வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்கள். துணி கிடக்கட்டும், அந்த முதல் கைதான் பெரிது. அதை ஒரு கேக் வந்து பறிக்கப் பார்த்தது.

எனக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. படிக்க என்று பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்றாலும் பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தாலும், கண்டோன்மென்ட் பங்களாக்களுக்கு மழை விட்டதும் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. மட்டையைத் தட்டி நார் பிரஷ்ஷாக்கி, சுண்ணாம்பு கரைத்து, ஏணி மேல் ஏறினால் ஊரே தெரியும். அந்த வருஷம் மழை விடுவேனா என்று அடம் பிடித்தது. காலையில் அடித்த சுவர் சாயங்காலம் வரை காயாமல் பச்சையாகவே நிற்கும். மேஸ்திரி வானத்தைப் பார்த்துத் திட்டுவார். அப்படி மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு நாளில்தான் அல்சூர் பஜாரில் அந்தக் கடையைப் பார்த்தேன். கடைக்காரர் கன்னடக்காரர். எல்லோரும் அவரை சாவ்கார் என்று கூப்பிடுவோம். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. புதிதாக வந்த சரக்கு என்று கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருந்தார். மேலே உப்பிப் போய் நிற்கிற கேக் படம்.

கேக் மாவு என்று ஒன்று பெட்டியில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முட்டையும் பாலும் விட்டுக் கலக்கினால் போதும், மற்றதெல்லாம் உள்ளேயே இருக்கிறது என்றார் சாவ்கார். வீட்டுக்கு வந்து வாய் தவறி இதைச் சொன்னேன். அவள் அன்று முழுக்க வேறு பேச்சே பேசவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் ஆயா. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவள். பெண்ணுக்கு அந்த ஐப்பசிக் கடைசியில் நிச்சயம், கார்த்திகை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு கிளப்பில் பரிமாறுகிற பேரர். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான். "அவங்க கேக்கு பாத்த ஜனங்க. நாம லட்ட வெச்சிகினு நின்னா ஆவுமா?" என்று என் வீட்டுக்காரி அக்காவிடம் சொல்லிவிட்டாள். நிச்சயத்துக்குக் கேக் தன் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். அவள் கொடுத்த வாக்கு என்றால் அது முடிந்த காரியம் மாதிரி. மறுநாளே பெட்டியை வாங்கி வந்து கொடுத்தேன். நிச்சயத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

எங்கள் வீடுகளில் ஏது ஓவன் அடுப்பு? ஆனால் கேக் சுடுகிறவர்களுக்குத் தெரு முனை பேக்கரி இருந்தது. சாயங்காலம் ரொட்டியெல்லாம் வெளியே வந்து, விறகு அணைந்து, செங்கல் அடுப்பு சூடாக இருக்கிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் தட்டில் மாவை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் லைனில் இருந்த வேதக்கார வீடுகள் எல்லாம் அங்கே வரிசை கட்டும். தட்டு மாறாமல் இருக்க ஒருத்தர் சாவியைக் கட்டி விடுவார், ஒருத்தர் தட்டின் விளிம்பில் ஆணியால் கீறி வைப்பார். நீளமான மரத் துடுப்பால் பேக்கரிக்காரர் உள்ளே தள்ளுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். படகு விடுகிற மாதிரி இருக்கும்.

நிச்சயத்துக்கு முதல் நாள் அவள் தட்டும் உள்ளே போனது. கூடவே வேறு இரண்டு வீட்டுத் தட்டுகளும் போயின. அவர்களுடையது தலையணை மாதிரி உப்பி வந்தது. இவளுடையது வறட்டி மாதிரி வந்தது. பேக்கரிக்காரர் தட்டைத் துடுப்பில் வைத்தபடியே இவள் முகத்தைப் பார்த்தார்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே துண்டு போட்டு, மேலே சர்க்கரை தூவி வைத்தோம். மாப்பிள்ளையின் அத்தை ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, களி கிண்டி ஆற வெச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, நானும் கூடச் சிரித்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு அன்றைக்கு எல்லாமே சகுனம்தான்.

அடுத்த நாள் குழாயடியில் பேச்சு வந்துவிட்டது. அவள் கை மாறிப்போச்சு என்று ஒருத்தி சொன்னாளாம். பலகாரத்துக்கு முதல் கையை மாப்பிள்ளையின் அத்தைக்கே கொடுத்துவிட்டால் மரியாதையாகவும் இருக்கும் என்று இன்னொருத்தி சொன்னாளாம். இவள் நேராக அக்காவிடமே போய், எண்ணெய் எப்போது வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பார்க்கலாம் என்றிருக்கிறாள். 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் நாலைந்து விதமாகச் சொல்லிக் காட்டினாள்.

விட்டுவிடு, ஒரு கேக்தானே என்றேன்.

"அந்த சாவ்கார் காசு திருப்பிக் குடுத்தா மாவுல கோளாறுன்னு அர்த்தம். குடுக்கலன்னா என் கையில கோளாறு. ரெண்டுல ஒண்ணு தெரியணும். கெளம்புங்க," என்றாள்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மிச்சமிருந்த கேக்கை வாழையிலையில் சுற்றி, அந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகலாம் என்றால், நெரிசலில் நொறுங்கிவிடுமாம். அது நொறுங்குமா? செங்கல் மாதிரி இருந்தது. தூறலில் குடையைக் கேக்குக்குப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, நான் நனைந்துகொண்டு பின்னால் நடந்தேன். ஏரிக் கரையில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. வேறு நாளாயிருந்தால் நின்று பார்த்திருப்பாள்.

சாவ்கார் நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து ஒரு துண்டு உடைத்தார், மோந்து பார்த்தார். கடையில் ஒரு பங்களா வீட்டம்மா வேறு சாமான் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் எதிரில் பேச்சு வளர வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் கல்லாவைத் திறந்து காசை எடுத்துப் பலகை மேல் வைத்தார். மழையில் மாவு கெட்டுப் போயிருக்கும் என்றார்.

அத்தோடு காரியம் முடிந்தது, காசை எடுத்துக்கொண்டு திரும்பலாம். இவள் எடுக்கவில்லை.

"கெட்டுப்போச்சின்னா எப்டி கெடும் சாவ்கார்? வாங்கின அன்னைக்கே சலிச்சி, வாணல்ல வாசன வர்ற மட்டும் வறுத்து, ஆற வெச்சி டப்பாவுல அடச்சேன். ஒரு பூச்சி வந்திருக்குமா அதுல?"

சாவ்காரின் கை மெதுவாக வந்து காசு மேல் உட்கார்ந்தது.

"வறுத்தியா?" என்றார்.

அவள் வறுத்த விஷயம் எனக்கும் அப்போதுதான் தெரியும். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. மழைக் காலத்தில் எந்த மாவாக இருந்தாலும் வறுக்காமல் எடுத்து வைக்கிற வீடு எங்கள் லைனில் கிடையாது. ஆனால் இந்த மாவுக்குள் உப்ப வைக்கிற சோடா ஏற்கெனவே கலந்திருக்கிறதாம். அடுப்புக்குப் போகும் முன்பே அது சூட்டைப் பார்த்துவிட்டால் அதன் சக்தி போய்விடுமாம். சாவ்கார் பொறுமையாகத்தான் சொன்னார். இது ரவை இல்லையம்மா, வறுத்து வைக்க, என்றார். பங்களா வீட்டம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

போச்சு என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். நான் குடையை எடுத்துக்கொண்டேன். அவள் நகரவில்லை.

"அப்போ மாவு மேல தப்பில்ல," என்றாள்.

"இல்ல."

"என் கை மேலயும் தப்பில்ல."

சாவ்கார் கொஞ்ச நேரம் யோசித்தார். வறுத்ததுதான் தப்பு என்றார்.

"வறுக்காதன்னு நீ சொன்னியா?"

"கேக்கு மாவ யாராச்சும் வறுப்பாங்களாம்மா?"

"யாராச்சும் வறுக்காம வெப்பாங்களா? உன் வூட்டம்மாவயே கூப்ட்டுக் கேளு."

சாவ்காருக்குத் தன் கட்சி மேல் அவ்வளவு நம்பிக்கை. திரைக்குப் பின்னால் பார்த்துக் கூப்பிட்டார். அவர் மனைவி ஏதோ அரைத்துக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு வந்து நின்றாள். அவர் பெட்டியைக் காட்டி, இதை வாங்கிப் போய் ஒரு வாரம் வைக்க வேண்டுமென்றால் என்ன செய்வாய் என்று கன்னடத்தில் கேட்டார். வளைக்காமல் நேராகத்தான் கேட்டார், நானும் கவனித்தேன். கன்னடம் எங்களுக்கும் வீட்டுப் பாஷை மாதிரிதான்.

"ஹுரியதே இட்ரெ ஹுளா பரல்வா?" என்றாள் அந்த அம்மா. வறுக்காமல் வைத்தால் புழு வராதா என்று. இதைக் கேட்கவா வேலையை விட்டுக் கூப்பிட்டீர்கள் என்கிற மாதிரி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாவ்கார் காசு மேலிருந்த கையை எடுத்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் வறுக்காதீர்கள் என்று சொல்லித்தான் விற்க வேண்டும் போல என்றார். காசுக்குப் பதில் வேறு பெட்டி தருகிறேன் என்று ஒன்றை எடுக்கவும் போனார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். நாலு பேர் பார்க்கிற மாதிரி காசுதான் வேண்டும். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கேக்கை அவர் பலகை மேலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

வரும்போது குடை எனக்கும் கிடைத்தது. நான் வழியெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே வந்தேன். கடைக்காரன் காசு கொடுத்துவிட்டான், மாவு கெட்டுப்போயிருந்தது, அவ்வளவோடு நிறுத்திக்கொள். வறுத்த கதையெல்லாம் அக்காவுக்கு எதற்கு? கல்யாணத்துக்கு நாள் கிட்டே வந்துவிட்டது.

அவள் நடந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"பொய் சொல்லி வாங்கற மொதக் கை வெளங்குமா? கல்யாணம் அவ பொண்ணுக்கு."

எங்கள் வீட்டைத் தாண்டி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். அக்கா வேலைக்குப் போகாமல் வெல்லத்தை முறத்தில் கொட்டி வைத்து, தூசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இவள் முந்தானையை அவிழ்த்துக் காசை எதிரில் வைத்தாள். சலித்தது, வறுத்தது, சோடா செத்தது, பங்களா வீட்டம்மா சிரித்தது, சாவ்கார் மனைவி சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை அதில் இல்லை.

அக்கா முழுக்கக் கேட்டாள். காசைத் தொடவில்லை.

"வாணல்லயா வறுத்த?"

"வாணல்லதான்."

"நானா இருந்தா ஆவியிலயே வெச்சி எடுத்திருப்பேன்," என்றாள் அக்கா.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அத்தைக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டதா, இல்லையா? எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவள் அதைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள்.

அக்கா முறத்தை நகர்த்தி இவள் பக்கம் தள்ளினாள்.

"இது கருப்பா கீது. அதிரசத்துக்கு ஆவுமா? பாத்து சொல்லு. நாளன்னிக்கு எண்ணெ வெச்சா மொதல்ல போடறவ நீ, பாகு கெட்டா அப்புறம் என்ன கேக்காத."

இவள் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டாள். அவசரமே இல்லாமல் கரைத்து விழுங்கினாள்.

"ஆவாது," என்றாள். "வேற வாங்கு."