அடிப்பாகம் இல்லாத வாளி

காலை ஐந்து நாற்பது. மொட்டைமாடியிலிருந்து எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்தபோது முதலில் தெரிந்தது நீலநிற பெயிண்ட் வாளி. அது டைகரின் கழுத்தில்தான் இருந்தது. யாரும் அதைக் கழற்றவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அன்று விடியலில் மாடி ஏறியிருந்தேன்.

மாகறலில் எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்குச் சொந்த நிலம் கிடையாது. கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் ஒரு பசு, அதன் கன்று, டைகர் என்ற நாய். வேர்க்கடலை முற்றியிருந்த சமயம், செய்யாற்றங்கரைக் கொல்லையில் அவரோடு காவலுக்குப் போன டைகரின் வயிற்றைக் காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் உத்திரமேரூர் வரை உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான்: "பள்ளம் பாத்து ஓட்டு, தம்பி."

டாக்டர் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்டார். பஞ்சால் துடைத்துக் களிம்பு தடவச் சொன்னார். காயத்தை நாய் நக்கவே கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு அன்று எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் பெயிண்ட் வாளி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்தார். கழுத்தை அறுக்காமல் இருக்க அந்த விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு, துணி நாடாவால் கட்டினார். டைகர் அதற்குள்ளிருந்து முதல்முறை குரைத்தபோது தன் குரலுக்கே பயந்து உட்கார்ந்துவிட்டது. கொட்டகைத் தூணில் இரண்டு நாள் முட்டிக்கொண்டது. மூன்றாம் நாள், திரும்பும் முன்பு அரை அடி பின்னால் நகரக் கற்றுக்கொண்டது.

அன்றுதான் காயத்தில் எச்சில் ஈரத்தையும் இரண்டு தையல் பிரிந்திருந்ததையும் அண்ணன் பார்த்தார். மறுபடியும் உத்திரமேரூர், மறுபடியும் தையல். ஐந்தாம் நாள் இன்னொன்று பிரிந்தது. டாக்டர் அதைத் தைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "இனிமே பிரிஞ்சா தைக்கிறதுக்கு அங்க தோல் இல்லைங்க. பொழைக்காது."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நேராக அண்ணியிடம் போனார். முதல் நாள் கஞ்சி வைக்கும்போது, வாளியோடு குனிய முடியவில்லையே என்று அண்ணி அதைக் கழற்றியிருந்தார். அந்த ஒரு நாளைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கழட்டி வுடுற. நாய் செத்துச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

"அன்னிக்கு ஒரு வாட்டி கழட்டினேன், இல்லன்னு சொல்லல. அப்புறம் தொட்டிருந்தா என் கை வெளங்காம போவட்டும். நாய் செத்துதுன்னா நீ கேக்க நான் இங்க இருக்க மாட்டேன். திருமுக்கூடலுக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்."

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு எங்கள் வட்டாரச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு தரப்பும் உண்மை சொல்வதுபோலத் தோன்றினால் நேரத்தை விசாரிப்பது என் வழக்கம். அண்ணன் விடிவதற்குள் காயத்தைக் கழுவிக் காயவிடுவார். பிறகு பால் கறந்து, மடியில் மிச்சமிருக்கும் பாலைக் குடிக்கக் கன்றை அவிழ்த்துவிட்டு, கேனோடு பால் சொசைட்டிக்குக் கிளம்புவார். அண்ணி குடத்தோடு தெருக்குழாய்க்குப் போவார். அண்ணன் ஆறு மணிக்குத் திரும்பி வந்துதான் களிம்பு தடவுவார். ஆக, ஐந்து நாற்பதிலிருந்து ஆறு வரை கொட்டகையில் மனிதர்கள் யாரும் இல்லை.

மறுநாள் விடியலில் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பசுவிடமிருந்து கன்று விலகியது. தரையை மோந்தபடி டைகரிடம் போனது. காயத்தை நக்கத் தொடங்கியது. அவசரமே இல்லை, ஒரே சீராக நக்கியது. பன்றியை எதிர்த்து நின்ற நாய், காலை அகட்டி, கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தது.

ஓடிப்போய்க் கன்றைப் பிடித்துக் கட்டினேன். தையல் பிரியவில்லை. பக்கத்தில் காயம் கழுவிய கிண்ணம் கவிழ்ந்திருந்தது. காயம் கழுவக் கலந்து வைத்த தண்ணீர் பானையில் மூடியிருந்தது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

பால் கேனோடு வந்த அண்ணன் என்னைக் கொட்டகையில் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, நாய்கிட்டயே பேட்டியா?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. "கன்னுக்குட்டியா? போ தம்பி, அது இன்னாத்துக்கு நாயி புண்ண நக்கும்?"

"தண்ணியில உப்பு போட்டீங்களா?"

"சீக்கிரம் ஆறட்டும்னு ரெண்டு கை போட்டேன். மண்ணு வெட்டும்போது என் கால்ல மம்முட்டி பட்டா அதான் பண்ணுவேன்."

ஒரு கையைப் பானையிலும் மறு கையைக் குழாய்த் தண்ணீரிலும் நனைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு கைகளையும் கன்றின் முன்னால் நீட்டினார். அது குழாய்த் தண்ணீர் பட்ட கையை மோந்துவிட்டு விட்டுவிட்டது. மற்றதை மணிக்கட்டு வரை நக்கியது. கையை இழுத்தார். கன்றும் கூடவே வந்தது.

குடத்தோடு உள்ளே வந்த அண்ணி நின்று பார்த்தார். "இன்னாய்யா, கன்னுக்கு முன்னாடி கைய நீட்டிக்கினு நிக்கிற?"

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நடந்ததை நான்தான் சொன்னேன். அண்ணி குடத்தை இறக்கி வைத்தார். டைகர் கழுத்தில் இருந்த வாளியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப, இத கழட்டினது யாரு?"

பானைத் தண்ணீரை அண்ணன் வாசலுக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தார். களிம்பையும் பஞ்சையும் எடுத்து அண்ணி கையில் கொடுத்தார். அன்றிலிருந்து காயத்தைப் பார்த்துக்கொண்டது அண்ணிதான். பதினான்காம் நாள், காயம் ஆறித் தையல் பிரித்தார்கள். அண்ணன் தப்பை ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கன்று அவர் கையை நக்கிய மறுநாள் முதல் மாட்டுத் தொட்டியில் ஒரு கை கல்லுப்பு போடத் தொடங்கினார். "உப்பு ஓணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரில" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கன்றைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

அண்ணன் போன தை மாதம் இறந்துவிட்டார். இன்று ஐந்து நாற்பதுக்கு மாடியில் நின்றேன். வாளி வேலியோரம் ஓர் எலுமிச்சைச் செடியைச் சுற்றி நிற்கிறது, நீலம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் டைகர் மல்லாந்து படுத்திருந்தது. வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு முடி இல்லை. அந்தக் கன்று இப்போது பால் கறக்கும் பசு. அண்ணி குடத்தைக் குழாயடியிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். உள்ளே போய் வந்து, தொட்டியில் ஒரு கை கல்லுப்பு போட்டார்.